கும்மிடிப்பூண்டி முதல் எண்ணூர் வரை: நம் வீட்டுக்குள் வரும் காற்று

சென்னையின் காற்று மாசு என்றதும் அண்ணா சாலை நெரிசலும் வாகனப் புகையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்த மாநகரத்துக்குத் தேவையான கட்டுமானக் கம்பி, மின்சாரம், பெட்ரோல், உரம் ஆகியவற்றில் பெரும்பகுதி அதன் வடக்கு வாசலில் உருவாகிறது. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர், அத்திப்பட்டு, எண்ணூர், மணலி என்று நீளும் அந்தப் பகுதியின் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கேயே குடியிருக்கும் மக்கள். பொன்னேரி, பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் நம் குடும்பங்களும் வாழ்கின்றன. எனவே இந்தக் காற்றில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை அறிந்து வைத்திருப்பது அவசியம்.

புகை எங்கிருந்து வருகிறது?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட். இங்குள்ள உருக்காலைகளில் பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கம்பியாக்குகிறார்கள். பழைய இரும்பில் பெயிண்ட், எண்ணெய், துத்தநாகப் பூச்சு எல்லாம் ஒட்டியிருக்கும். உலையில் போட்டதும் இவை ஈயம், துத்தநாகம் போன்ற உலோகத் துகள்கள் கலந்த புகையாக மேலெழும். அதை உறிஞ்சி, துணிப்பை வடிகட்டி வழியாகச் செலுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். உலைக்கு மேலுள்ள உறிஞ்சுமூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும், மின்செலவைக் குறைக்க வடிகட்டியை நிறுத்திவிட்டாலும், புகை புகைபோக்கிக்கே போகாமல் கூரை இடுக்கு வழியாக ஊருக்குள் இறங்கிவிடும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் பிரிக்கும் தொழிலிலும் இதே ஆபத்து உண்டு.

தெற்கே அத்திப்பட்டு, வல்லூர் பகுதியில் நிலக்கரியில் இயங்கும் அனல்மின் நிலையங்கள் உள்ளன. வடசென்னை நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் 1,830 மெகாவாட், வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட் திறன் கொண்டவை. இவற்றிலிருந்து கந்தக டை ஆக்சைடும் சாம்பலும் வெளியாகின்றன. செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளம் காய்ந்தால், காற்றடிக்கும் நாட்களில் அந்தச் சாம்பல் வீடுகளில் படிகிறது. கந்தகப் புகையைக் குறைக்க மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. அதற்கான காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டுவிட்டது.

மணலியின் நிலையும் வெளிப்படையானது. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட பட்டியலில் 76.32 புள்ளிகளுடன் மணலி ‘கடுமையாக மாசடைந்த பகுதி’ ஆனது. 70ஐத் தாண்டினாலே இந்தப் பிரிவு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீதிக்கு ஓடி வந்ததை நாடே பார்த்தது.

உடலுக்கு என்ன ஆகிறது?

காற்றிலுள்ள துகள்களில் மிக ஆபத்தானது பி.எம். 2.5. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும் இத்துகள், நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கிறது. ஆஸ்துமா மட்டுமன்றி மாரடைப்பு, பக்கவாதம், எடை குறைந்த பிரசவம் ஆகியவற்றுக்கும் இது காரணமாகிறது. ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் நிர்ணயித்ததோ வெறும் 5. ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று ஓர் அதிகாரி சொன்னால், எந்த அளவு என்று நாம் கேட்க வேண்டும்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. கற்றலில் பின்தங்கல், கவனச் சிதறல், இரத்தசோகை ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். கைபேசியில் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு ஈயத்தை உடனுக்குடன் காட்டாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

ஃபஜ்ர் நேரத்தில் புகை ஏன் அதிகம்?

பகலில் தரை சூடாவதால் காற்று மேலெழுந்து புகையைக் கலைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்ததும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல் நின்றுகொள்ள, புகை கீழேயே தேங்கும். குளிர்கால விடியலில் இது இன்னும் அதிகம். இரவில்தான் ஆலைகள் அதிகமாகப் புகை விடுகின்றன என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் புகார். ஆக, ஃபஜ்ருக்கு நடந்து செல்லும் முதியவர்கள்தான் அந்த நாளின் மோசமான காற்றைச் சுவாசிக்கிறார்கள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இதே புகை சென்னைப் பக்கமும் நகர்கிறது.

வேலையா, மூச்சா?

ஆலையை மூடச் சொல்கிறீர்களா என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. உள்ளூர்க்காரர்களும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அங்கேதான் எரிகிறது. நாம் கேட்பது, வாங்கிய இசைவாணையில் உள்ள நிபந்தனையை நிறைவேற்றுங்கள் என்பதை மட்டுமே. வடிகட்டி இரவிலும் ஓடினால் வேலையும் இருக்கும், மூச்சும் இருக்கும். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய நிலக்கரிப் புகை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நான்கு ஆண்டுகளில் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது. அதனால் லண்டனில் தொழில் அழிந்துவிடவில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

• உருக்காலை, பேட்டரித் தொழிலில் இருப்பவர்கள் வேலை உடையோடு வீட்டுக்கு வர வேண்டாம். குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளைகளைத் தூக்குங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.
• தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• புகை கண்ணுக்குத் தெரியும் விடியலில் இதய, ஆஸ்துமா நோயாளிகள் என்-95 முகக்கவசம் அணியுங்கள். துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது.
• குப்பையை, குறிப்பாக பிளாஸ்டிக்கை, தெருவில் எரிக்காதீர்கள். ஆலையைக் குறை சொல்லும் நாம் அதே தவறைச் செய்யக் கூடாது.
• ஈயத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராமை எட்டினாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ஜமாஅத்தாகச் செய்யக்கூடியவை

தூய காற்று வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே புகார் கொடுப்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல. ‘புகை அதிகம்’ என்று பொதுவாக எழுதினால் பயனிருக்காது. தேதி, மணி, காற்றடித்த திசை, வாடை, எந்தத் தெரு, யாருக்கு என்ன உபாதை என்று ஒரு நோட்டில் ஒரு மாதம் குறித்து, படங்களுடன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வறிக்கையைக் கேளுங்கள். அதற்கும் மேல் சென்னையிலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பாதிப்புக்கான இழப்பீட்டு மனுவை ஐந்தாண்டுகளுக்குள் அங்கே தாக்கல் செய்யலாம்.

இந்தப் புகை மதம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. பக்கத்துத் தெரு அன்பர்களையும், மீனவக் கிராமத்தாரையும், தொழிற்சங்கத்தாரையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வரும் ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, அந்த நோட்டை எழுதும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அதிகாரியிடம் போகும்போது நம் கையில் ஆதாரம் இருக்கும்.