புல்லுத்தரையில் விழுந்த பெரிய தலைகள்

டெனிஸ் பந்து எண்டால் எங்கட ஊர்ப் பொடியளுக்குக் கிரிக்கெட்தான். ஒழுங்கையில அடிச்சு, பக்கத்து வளவுக்குள்ள விழுந்து, ஏச்சு வாங்கி எடுக்கிற பந்து. அதே பந்துக்கு இன்னொரு வரலாறும் இருக்கு. அதில் சென்னைப் பொடியன் ஒருவனும் வாறான்.

1973 அமெரிக்க ஓப்பன். அப்போது அது நியூயோர்க்கின் ஃபொரஸ்ட் ஹில்ஸில், புல்தரையில் நடந்தது. டெனிஸின் முதலாவது கணினித் தரவரிசை அந்த ஓகஸ்ட்டில்தான் வெளியானது. அதில் முதலிடத்தில் இருந்த இலி நஸ்டாசே, முதல் இரண்டு செட்டையும் வென்ற பிறகு, இரண்டாம் சுற்றிலேயே அன்ட்ரூ பற்றிசனிடம் தோற்றார். ஆதர் ஆஷை வெளியேற்றியவர் 17 வயதான பியோன் போர்க். மூன்றாம் சுற்றில் றொட் லேவரும் விழுந்தார். 1962, 1969 எனப் பெரும் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் இருமுறை வென்றவர் அவர். அவரை ஐந்து செட்டில் வீழ்த்தியது சென்னையின் விஜய் அமிர்தராஜ். வயது 19. பிறகு கால் இறுதியில் கென் றோஸ்வோலிடம் விஜய் தோற்றார். பட்டம் ஜோன் நியூகோமுக்கு.

லேவர் தோற்றதை 'அதிர்ச்சித் தோல்வி' எண்டு எழுதுவார்கள். அந்தச் சொல் ஆற்ற பக்கம் நிண்டு பேசுது? தோற்றவரின் பக்கம். வென்றவனின் பக்கத்தில் இருந்து பார்த்தால் கதை வேறு. 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை ராமநாதன் கிருஷ்ணன் வென்றுவிட்டார். 1960, 1961 இரண்டிலும் அங்கே அரையிறுதி வரை போனார். 1961 இல் றோய் எமர்சனையே நேர் செட்களில் தோற்கடித்தார். 1973 வானத்தில இருந்து விழேல்லை.

புல்தரையில் பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். ஆங்கிலேயர் காலத்துக் கழகங்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் அப்படியான தரைகளை விட்டுப் போயிருந்தன. அன்று நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. 1975 இல் ஃபொரஸ்ட் ஹில்ஸ் களிமண் தரைக்கு மாறியது. 1978 இல் அமெரிக்க ஓப்பனும் 1988 இல் அவுஸ்திரேலிய ஓப்பனும் கடினத்தரைக்குப் போயின. மிஞ்சியது விம்பிள்டன் மட்டும்.

கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கடினத்தரையிலும் வென்றவர்தான். 1981 இலும் 1987 இலும் அமெரிக்க ஓப்பன் கால் இறுதிக்குப் போனார். அவருக்குப் பிறகு எந்த இந்திய ஆணும் ஒற்றையரில் அந்த இடத்தைத் தொடவில்லை. தரை மட்டும்தான் காரணம் எண்டு சொல்ல வரேல்லை. காசு, பயிற்சி, பயணம் எல்லாம் இருக்கு.

ஆனாலும், திறமை இருந்தால் எங்கையும் வெல்லலாம் எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தருகினம். திறமை காலூன்றவும் ஒரு தரை வேணும். சுண்ணாம்புக்கல்லும் கிணத்துத் தண்ணியுமாக வாழுற எங்களுக்கு இது விளங்காத விசயம் இல்லை. ஆர் வெண்டது எண்டு கேக்கிற நாங்கள், அந்தத் தரையை ஆர் தெரிவு செய்தது எண்டும் கேக்க வேணும்.