ஒரு அப்பா கையால் எழுதின கணக்குத் தாள்

'ஜப்பான் முறையில் கணக்கு'ன்னு பலகை தொங்கினால் போதும், பிள்ளை வச்சிருக்கிறவங்க ஒரு நிமிஷம் நின்னுடுவாங்க. ஏதோ டோக்கியோ ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிச்ச மந்திரம்னு நினைப்பு :-) உலகம் பூரா பரவின குமோன் முறையோட பூர்வீகத்தைப் பார்த்தா, அது ஒரு வீட்டுச் சமாச்சாரம்தாங்க.

வருஷம் 1954. இடம் ஒசாகா. தோரு குமோன் என்பவர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். இரண்டாம் வகுப்புப் படித்த மகன் தகேஷி கணக்கில் மார்க் குறைவாக வாங்கி வந்தான். அம்மாவுக்குக் கவலை, பையனைக் கொஞ்சம் கவனிங்கன்னு கணவரிடம் சொன்னார்.

குமோன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. தாளில் கையாலேயே கணக்குகளை எழுதிக் கொடுத்தார். பையன் தினமும் அரைமணி நேரம் தானாகப் போட்டான். ஒரு படி கைவந்த பிறகுதான் அடுத்த படி. ஆறாம் வகுப்பில் தகேஷி வகையிடல், தொகையிடல் வரைக்கும் வந்துவிட்டான்! 1958ல் ஒசாகாவில் நிறுவனம் உருவானது. 1974ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. குமோன் கண் வைத்தது உயர்நிலைப் பள்ளிக் கணக்கின் மேல். அங்கிருந்து கீழ்நோக்கித் திட்டம் போட்டார். அதற்கு நேராக உதவும் கணக்கு வழிமுறைகள் தாளில் ஏறின. வடிவியல் போன்றவை பெரும்பாலும் ஒதுங்கிப் போச்சு.

அப்போ ஜப்பான் பள்ளிக்கூடத்திலும் இப்படித்தானா? அதுதான் இல்லை. 1990களின் நடுவில் டிம்ஸ் ஆய்வுக்காக ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை வீடியோ எடுத்தாங்க. ஜப்பான் வகுப்புகளில் பல சமயம் ஒண்ணு ரெண்டு கணக்குதான். முதலில் பிள்ளைகளே மண்டையைப் பிச்சுக்கணும். அப்புறம் ஆளாளுக்குக் கண்டுபிடிச்ச வழிகளைப் பலகையில் எழுதி, எல்லாரும் சேர்ந்து பேசுவாங்க.

ஆக, ரெண்டுமே ஜப்பான்தான். ஆனா ஒண்ணு கையைப் பழக்குது, இன்னொண்ணு யோசிக்கப் பழக்குது. நம்ம ஊர்க்காரர்கள் பணம் கட்டும் முன்னாடி, பிள்ளை எங்கே தடுக்குதுன்னு பார்க்கிறது நல்லது. கழித்தலில் கடன் வாங்கத் தடுமாறினால் தினம் ஒரு தாள் நிச்சயம் உதவும். கணக்கைப் படிச்சுட்டு, கூட்டணுமா கழிக்கணுமான்னே தெரியாம முழிச்சால்? வெறும் கழித்தல் தாள் நூறு கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒரே கணக்கை வச்சுக்கிட்டு அது கூட உட்கார்ந்து பேசத்தான் வேணும்.

தகேஷியோட அப்பா செஞ்சதும் முதலில் அதுதானே? இந்தப் பையனுக்கு என்ன தேவைன்னு பார்த்தார். தாள் அப்புறம்தான் வந்தது.