மாடுலர் கிச்சன் ஹாப் அடுப்பை கழற்றப் போறீங்களா? ஆபத்து மேலே இல்ல, கீழே!

கிரானைட் மேடையில் பதித்த கண்ணாடி ஹாப் அடுப்பை சர்வீஸுக்கோ, மாற்றவோ வெளியே எடுக்கணும்னா பலரும் கண்ணாடி உடைஞ்சிடுமோ என்றுதான் பயப்படுவார்கள். ஆனால் அதைவிட பெரிய ஆபத்து அடுப்புக்குக் கீழே, கதவு மூடிய கப்போர்டில் இருக்கிறது.

காரணம் என்ன?

எல்பிஜி கேஸ் காற்றை விட கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோரமாகவும் கப்போர்டுக்குள்ளும் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சின்ன தீப்பொறி போதும்.

தொடங்கும் முன்...

* கப்போர்டு கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் சாமி விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள்.
* ஒரு பர்னரை எரியவிட்டு ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள். ட்யூபில் மிச்சமுள்ள கேஸ் எரிந்து தீ தானாக அணையும். பிறகு எல்லா குமிழ்களையும் மூடுங்கள்.
* ரெகுலேட்டரை கழற்றி சிலிண்டருக்கு மூடி போடுங்கள். முடிந்தால் சிலிண்டரை வெளியே நகர்த்துங்கள்.
* ஆட்டோ இக்னிஷனுக்கு கரண்ட் இணைப்பு இருந்தால் சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கை உருவுங்கள். பேட்டரி என்றால் அதை எடுத்துவிடுங்கள்.
* அடுப்பு நன்றாக ஆறட்டும்.

கழற்றுவது எப்படி?

மேலே உள்ள ஸ்டாண்டுகளையும் பர்னர் மூடிகளையும் முதலில் எடுங்கள். பிறகு கீழிருந்து ட்யூபை கழற்றுங்கள். நட் போட்ட இணைப்பாக இருந்தால் இரண்டு ஸ்பேனர் தேவை. ஒன்றால் அடுப்பின் பைப்பை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் பைப்பே முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து, அடுப்பை மேடையோடு பிடித்திருக்கும் கிளாம்ப் ஸ்க்ரூக்களை தளர்த்துங்கள். ஓரத்தில் சிலிகான் ஒட்டியிருந்தால் மெல்லிய பிளேடால் மெதுவாக அறுங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பவே கூடாது. டஃப்பன்ட் கிளாஸ் நடுவில் உறுதியாக இருந்தாலும் ஓரத்தில் அடிபட்டால் மொத்தமாக நொறுங்கும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழிருந்து இரும்புப் பெட்டிப் பகுதியைத் தள்ள, இன்னொருவர் மேலே பிடித்துத் தூக்கணும். எடுத்ததும் மடித்த போர்வை மேல் வையுங்கள். கண்ணாடி ஓரம் தரையில் படும்படி சாய்த்து நிறுத்தாதீர்கள்.

மறுபடி மாட்டும்போது...

ட்யூபில் வெடிப்பு தெரிந்தாலோ, 5 வருடம் ஆகியிருந்தாலோ ஐஎஸ்ஐ முத்திரை உள்ள புதிய ட்யூப் போடுங்கள். பர்னர்களை மூடியே வைத்து ரெகுலேட்டரை ஆன் செய்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தீக்குச்சி கொளுத்தி சோதிப்பது உயிருக்கே ஆபத்து.

கேஸ் வாசனை வந்தால்?

எந்த சுவிட்சையும் தொடக்கூடாது. ஆன் செய்வது மட்டுமல்ல, ஆஃப் செய்வதும் தவறு. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதிதான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எல்பிஜி அவசர எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

இவங்க மட்டும் கை வைக்காதீங்க!

குழாய் வழி கேஸ் இணைப்பு உள்ள வீடுகளிலும், சுவருக்குள் செம்புக் குழாய் பதித்த கிச்சன்களிலும் நீங்களே கழற்றாதீர்கள். கேஸ் நிறுவனத்தின் மெக்கானிக்கை அழைப்பதே பாதுகாப்பு.