மூக்குக்குள் ஒரு வாராக்கடன்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த முதல் வருடமே இடது மூக்கு அடைத்துக்கொண்டது. புது ஊர்த் தூசி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு ஆறேழு மாதம் ஆவி பிடித்தே ஓட்டினேன். ஒரு நாள் ரத்தமும் எட்டிப் பார்க்கவே, தங்கமணி என்னை ஈ.என்.டி. டாக்டரிடம் இழுத்துப் போனார்.

ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் முடிந்து வந்த பெயர்: இன்வெர்டட் பாப்பிலோமா. கேன்சர் இல்லை. அப்பாடா என்று எழுந்தவனை டாக்டர் மறுபடி உட்கார வைத்தார். வேரோடு எடுக்காவிட்டால் திரும்ப வருமாம். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் புற்றாகவும் மாறலாமாம். ஃபைலில் 'டி3' என்று எழுதினார். பி.காம். படித்தவனுக்கு அது ஏதோ கணக்குக் குறியீடு மாதிரிதான் தெரிந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு லீவில் படுத்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்தின் சரித்திரத்தைத் தோண்டினேன். சுவாரசியமான கதைதான், கேளுங்கள்.

கதை ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் தொடங்குகிறது. சளி மூளையிலிருந்து ஒழுகி வருகிறது என்று பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேராசிரியராக இருந்த கான்ராட் விக்டர் ஷ்னைடர் 1660களில், அதெல்லாம் இல்லை, மூக்கின் உள்தோலிலிருந்துதான் சளி சுரக்கிறது என்று காட்டினார். அந்தத் தோலுக்கு இன்றும் அவர் பெயர்தான். என் கட்டி முளைத்ததும் அதில்தான்.

1854-ல் லண்டனில் வார்ட் என்பவர் இந்த வகைக் கட்டியை முதலில் பதிவு செய்தார். அடுத்த வருடமே பில்ராத் இதைப் புற்றுக் கணக்கில் எழுதிவிட்டார். பின்னாளில் வயிற்று அறுவையில் பெரும்புகழ் பெற்ற அதே பில்ராத்தான். 1938-ல் ஸ்வீடனின் ரிங்கெர்ட்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்து விஷயத்தைப் பிடித்தார்: மரு மாதிரி வெளியே வளராமல், இது தோலுக்கு அடியில் உள்நோக்கி வளர்கிறது. 'இன்வெர்டட்' என்ற அடைமொழி வந்தது அதனால்தான். மேலே தெரிந்ததை மட்டும் கிள்ளி எடுத்தால் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் இதில் விளங்குகிறது.

அதனால் டாக்டர்கள் மூக்கோரமாக முகத்தைக் கீறித் திறந்து, பக்கத்து எலும்புச் சுவரோடு சேர்த்து எடுத்தார்கள். வெகுகாலம் அதுதான் முறை. பிரிட்டனின் இயற்பியலாளர் ஹாப்கின்ஸின் கண்ணாடித் தண்டு லென்ஸ் வந்து, ஆஸ்திரியாவின் க்ராட்ஸில் மெஸ்ஸர்கிளிங்கரும் ஸ்டாம்பெர்கரும், அமெரிக்காவில் கென்னடியும் எண்டோஸ்கோப் வழியைப் பரப்பிய பிறகு, முகத்தில் தழும்பில்லாமல் மூக்குக்குள்ளேயே வேலை முடிய ஆரம்பித்தது. சிறு துளை வழியே எடுத்தால் மிச்சம் வைத்துவிட மாட்டார்களா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. 2006-ல் புஸ்கெட்ஸும் ஹ்வாங்கும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். எண்டோஸ்கோப்பில் திரும்ப வந்தது 12 சதவீதம், மற்ற முறைகளில் 20. கட்டி எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறதோ, அந்த எலும்பையும் இழைத்துவிடுவதுதான் சூட்சுமம். திரும்ப வருவது பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

இனி டி3-க்கு வருவோம். புற்றுநோயை டி, என், எம் என்று தரம் பிரித்தவர் பிரான்ஸின் பியர் டெனுவா, 1943-க்கும் 1952-க்கும் இடையில். அந்த டி-யை இந்தக் கட்டிக்குக் கொண்டுவந்தவர் ஜான் க்ரௌஸ், 2000-ல். மூக்கறைக்குள் மட்டும் என்றால் டி1. எத்மாய்டு சைனஸுக்கோ கன்ன சைனஸின் உட்பக்கத்துக்கோ போனால் டி2. கன்ன சைனஸின் மற்ற சுவர்கள், நெற்றி, ஸ்ஃபீனாய்டு என்றால் டி3. சைனஸைத் தாண்டினாலோ புற்று கலந்திருந்தாலோ டி4.

எங்கள் தொழிலிலும் இதே சமாச்சாரம் உண்டு. 1992-ல் ரிசர்வ் வங்கி கடன்களை ஸ்டாண்டர்டு, சப்-ஸ்டாண்டர்டு, டவுட்ஃபுல், லாஸ் என்று பிரிக்கச் சொன்னது. எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று தெரியும்!

ஆனால் க்ரௌஸ் பிரித்தது கட்டி பரவிய தூரத்தை வைத்து. 2007-ல் கானடி குழுவினர் திரும்ப வந்த கணக்கை வைத்துப் பிரித்தார்கள். டி1, டி2 இரண்டும் ஒரே பிரிவு: 3 சதவீதம். டி3 மாதிரியானவை: 19.8. சைனஸுக்கு வெளியே போனவை: 35.3. தணிக்கைக்காரன் புத்திக்கு இதுதான் பிடித்தது. ஈடு எவ்வளவு என்பதை விட, கடைசியில் எவ்வளவு வசூலானது என்பதல்லவா முக்கியம்!

என் கட்டி கன்ன சைனஸின் வெளிச்சுவரில் இருந்தது. ஆக, சுமார் ஐந்தில் ஒன்று. ஆயிரம் கணக்குள்ள கிளைக்கு அந்தச் சதவீதம் உதவும். ஒற்றைக் கணக்குக்கு உதவாது. அது வசூலாகும் அல்லது ஆகாது, பாதி நிலை கிடையாது.

ஆபரேஷனாகி இரண்டு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறை ஸ்கோப் உள்ளே போகும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். இதுவரை சுத்தம். திரும்ப வருபவை பெரும்பாலும் முதல் சில வருடங்களில் வரும் என்றாலும், பல வருடம் கழித்து வந்தவையும் உண்டு. ஆகவே இந்தக் கணக்கை மூடவே முடியாது. அடுத்த மாற்றல் ஆர்டர் எந்த ஊருக்கு வந்தாலும், பெட்டியில் முதலில் போவது அந்த ஃபைல்தான்.

மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னது "மூக்குல சதை வளர்ந்துடுச்சும்மா, எடுத்தாச்சு" என்று மட்டும். பொய் இல்லை. முழுக் கணக்கும் இல்லை.

உங்களில் யாருக்காவது ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்திருந்தால், என்னைப் போல ஆவி பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். போய்க் காட்டிவிடுங்கள்.