பின்வாசலால் வந்த அணிகள்: இந்தியன் சூப்பர் லீக்கின் மூன்று பருவங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஸ்கந்தபுரம் போன்ற வன்னிக் கிராமங்களில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி என்றால் பெரும்பாலும் விலகல் முறைதான். துண்டில் பெயர் எழுதிக் குலுக்கி எடுப்பார்கள். தோற்ற கழகம் அன்றைக்கே வீட்டுக்குப் போகும். "தகுதியில்லாத அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது" என்ற பேச்சு அங்கே எழுவதில்லை. தகுதியை அளக்க ஒரு புள்ளிப் பட்டியல் இருந்தால்தானே அந்தப் பேச்சு எழும்? லீக் சுற்றை ஆடி முடித்து, அதன்மேல் விலகல் சுற்றையும் அடுக்கும் தொழில்முறைப் போட்டிகளில்தான் இச்சிக்கல் பிறக்கிறது.

பட்டியலின் உச்சிக்கு வராமலே இறுதிச் சுற்றுக்குள் நுழையும் அணியை 'வைல்ட் கார்ட்' அணி என்பர். அமெரிக்கக் கால்பந்து 1970இல் இவ்வழியைத் திறந்தது. 1980ஆம் பருவத்தில் ஓக்லண்ட் ரைடர்ஸ், இவ்வழியாக வந்து கிண்ணம் வென்ற முதல் அணியானது. இத்தகைய வெற்றிகளை அதிர்ஷ்டம் என்றோ மனவுறுதி என்றோ சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். போட்டி நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் இதில் கணிசமான பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மூன்று பருவங்களின் கணக்கு

இந்தியாவின் தொழில்முறை உதைபந்தாட்டப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக் 2022-23 பருவத்தில் ஆறு அணிகளைக் கொண்ட இறுதிச் சுற்று முறைக்கு மாறியது. முதலிரு இடத்து அணிகள் நேரே அரையிறுதிக்குச் சென்றன. மூன்றாவது அணி ஆறாவதையும், நான்காவது அணி ஐந்தாவதையும் தம் சொந்த மைதானத்தில் ஒரே ஆட்டத்தில் எதிர்கொண்டன. முதல் ஆண்டே பட்டியல் தலைகீழானது. மும்பை சிட்டி 46 புள்ளி, ஐதராபாத் 42 புள்ளி, ஏ.டி.கே. மோகன் பகானும் பெங்களூருவும் தலா 34 புள்ளி. ஆனால் 2023 மார்ச் 18 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதியாட்டம் ஆடியவை பின்னைய இரண்டும்தான். 2024இல் நிலைமை நேரெதிர்: முதலிரு இடத்து மோகன் பகானும் மும்பையுமே மோதின. 2025இல் முதலிடத்து மோகன் பகானை மூன்றாமிடத்துப் பெங்களூரு சந்தித்தது.

ஆக, ஆறு இறுதி இடங்களில் மூன்று, முதலிரு இடத்துக்கு வெளியிலிருந்து வந்த வைல்ட் கார்ட் அணிகளுக்குக் கிடைத்தன. மூன்று கிண்ணங்களில் ஒன்றும் அவர்களுக்கே. ஆனால் அந்த மூன்று இடங்களும் மூன்றாம், நான்காம் நிலை அணிகளுடையவை. முதற்கட்டத்து ஆறு ஆட்டங்களில் ஐந்தைச் சொந்த மைதானத்து அணியே வென்றது. 2025இல் ஜம்ஷெட்பூர் மட்டுமே வெளியூரில் வென்றது. பின்வாசல் திறந்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் யார் மைதானத்தில்?

அரையிறுதி இரு ஆட்டங்களாக நடந்தது. 2023இல் மும்பையும் ஐதராபாத்தும் முதல் ஆட்டத்தைத் தம் ஊரில் ஆடின. முடிவைத் தீர்மானிக்கும் இரண்டாவது ஆட்டம் பெங்களூருவிலும் கொல்கத்தாவிலும் நடந்தது. இரண்டுமே தண்ட உதைக்குப் போயின; இரண்டிலும் சொந்த ஊர் அணியே வென்றது. பெங்களூரு 9-8, மோகன் பகான் 4-3.

அடுத்த இரு பருவங்களில் இந்த வரிசை மாறியது. இரண்டாவது ஆட்டம் முதலிரு இடத்து அணிகளின் மைதானத்துக்குப் போனது. 2024இல் ஒடிசாவிடமும் 2025இல் ஜம்ஷெட்பூரிடமும் மோகன் பகான் முதல் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றது. இரு தடவையும் கொல்கத்தாவில் 2-0 என வென்று மொத்தக் கணக்கில் 3-2 என முன்னேறியது. இரு தடவையும் அந்த இரண்டாவது கோல் உபாதையீட்டு நேரத்தில்தான் விழுந்தது: முதலில் சாகல் அப்துல் சமத், அடுத்த ஆண்டு அபுயா. அதே ஆட்டங்கள் இடம்மாறி நடந்திருந்தால் அந்தக் கடைசி நிமிட நெருக்குதலைக் கொடுத்திருக்கக்கூடியது வைல்ட் கார்ட் அணிதான். விதிவிலக்கும் உண்டு. 2025இல் கோவா தன் மைதானத்தில் இரு கோல் அடித்து மொத்தக் கணக்கைச் சமன் செய்தபின், உபாதையீட்டு நேரத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிய பந்து பெங்களூருவை இறுதிக்கு அனுப்பியது.

மறுப்புகள்

"அந்த அணி அப்போது நல்ல ஓட்டத்தில் இருந்தது" என்பது முதல் மறுப்பு. 2023இல் பெங்களூரு தொடர்ந்து எட்டு லீக் ஆட்டங்களை வென்று வந்தது மெய்யே. பருவம் முழுவதையும் கூட்டிச் சொல்லும் பட்டியல், கடைசி இரு மாதங்களில் யார் வலியவர் என்பதைச் சொல்வதில்லை. ஆயினும் அந்த ஓட்டம் மட்டும் அவர்களைக் கரைசேர்க்கவில்லை. அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் மும்பை அவர்களை 2-1 என வென்றது. தண்ட உதைதான் காப்பாற்றியது. இறுதியாட்டத்தில் விழுந்த நான்கு கோல்களில் மூன்று தண்ட உதை. கிண்ணத்தின் முடிவும் தண்ட உதையே. கோல் அரிதான ஆட்டத்தில், மும்பைக்கும் பெங்களூருவுக்கும் இடையே இருந்தது போன்ற 12 புள்ளி வித்தியாசம் இவ்வளவு எளிதில் கரைந்துவிடும்.

"அப்படியானால் லீக் ஆட்டங்கள் எதற்கு?" என்பது இரண்டாவது. இதற்கு விடை பரிசைப் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. 2019-20 பருவத்தில் பட்டியலின் முதலிடத்துக்குத் தனிக் கேடயம் அறிமுகமானது. அந்த ஆண்டு கேடயம் வென்ற கோவாவை, நான்காமிடத்துச் சென்னையின் எஃப்.சி. அரையிறுதியில் மொத்தக் கணக்கில் 6-5 என வெளியேற்றியது. ஆனாலும் ஆசிய சம்பியன்ஸ் லீக் வாய்ப்புக் கோவாவுக்கே போனது. நீண்டகால உழைப்புக்கு ஒரு பரிசு, அந்நேர வலிமைக்கு இன்னொன்று என்றானபின் பின்வாசல் அணியின் வெற்றி யாருடைய உரிமையையும் பறிப்பதில்லை.

முடிவாக

மூன்று பருவங்கள் சிறிய சான்றுதான். எனினும் ஒன்று தெளிவு: வைல்ட் கார்ட் அணி எவ்வளவு தூரம் போகும் என்பதில் ஒரு பங்கு, பந்து உருளுமுன் நிரல் எழுதும் மேசையில் தீர்மானமாகிவிடுகிறது. நம் ஊர்ச் சுற்றுப்போட்டிகளுக்கும் இது பொருந்தும். ஒரே மைதானத்தில் எல்லா ஆட்டமும் நடக்கும்போது, போட்டியை நடத்தும் கழகம் முதற்சுற்றிலிருந்து இறுதிவரை தன் ஊராரின் முன்னிலையிலேயே ஆடுகிறது. குலுக்கலில் துண்டு எடுக்கும் கையை எல்லோரும் உற்றுப் பார்க்கிறோம். ஆட்டம் எந்த மைதானத்தில் என்பதை எழுதும் கையையும் அப்படியே பார்க்கவேண்டும்.