ஆரன் ஸ்வெட்டரும் விட்டுப்போன நான்கு கண்ணிகளும்

2014இல் ஒரு ப்ராஜெக்ட்டுக்காக நான்கு மாதம் டப்ளினில் இருந்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஒரு தெருவில் ஸ்வெட்டர் ஒன்று வாங்கினேன். சாயமே போடாத கம்பளி, கிட்டத்தட்ட பாலாடை நிறம். மார்பு முழுக்கக் கயிறு முறுக்கினாற்போல் பின்னல், நடுவில் வைரக் கட்டங்கள், இரண்டு பக்கமும் தேன்கூடு. கடையில் அடுக்கி வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை மெஷினில் போட்டவை. நான் எடுத்தது கையால் பின்னியது. விலையைச் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் திட்டு விழும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கூடவே ஒரு அட்டை கொடுத்தார்கள். ஆரன் தீவுகளில் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிப் பின்னல் உண்டு, அது பல நூற்றாண்டு மரபு, மீனவன் கடலில் மூழ்கி முகம் சிதைந்து எங்கோ கரை ஒதுங்கினாலும் அவன் போட்டிருக்கும் ஸ்வெட்டரின் பின்னலை வைத்து எந்தக் குடும்பம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. படிக்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. ஊருக்கு வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆபீஸ் கேன்டீனில் குறைந்தது பத்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

அம்மாவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கதையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இத பின்னுனது யாருன்னு எங்கயும் போடலையேப்பா?"

அந்தக் கேள்வி அவருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அப்பாவுக்குக் குன்னூரில் வேலை. எண்பதுகளில் அம்மா அங்கே ஒரு கடைக்குக் குழந்தைகள் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நூல் கடைக்காரருடையது, ஒரு உருப்படிக்கு 15 ரூபாய் கூலி. ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு உட்கார்ந்தால், ஊசி இரண்டும் உரசும் சத்தம் நான் தூங்கிப்போகும்வரை கேட்கும். கடையில் அந்த ஸ்வெட்டரின் கழுத்தில் கடைப்பெயர் போட்ட துணியைத் தைத்து மாட்டிவிடுவார்கள். பஜாரில் போகும்போது அம்மா கண்ணாடிக்குள் பார்த்து, "அந்தப் பச்சை என்னுது" என்பார்.

சரி, அம்மா கேட்டுவிட்டாரே என்று தேட ஆரம்பித்தேன். விடுமுறை நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்ததில் இரண்டு வருடம் போய்விட்டது.

முதலில் இடம். ஆரன் தீவுகள் மொத்தம் மூன்று: இனிஷ்மோர், இனிஷ்மான், இனிஷீர். (அரன் என்று குறிலில் எழுதினால் சிவபெருமான் வந்துவிடுகிறார், ஆகவே ஆரன்.) அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயில் கிடக்கும் சுண்ணாம்புப் பாறைகள். மண் கிடையாது. மணலையும் கடற்பாசியையும் பாறைமேல் கொட்டி, அதையே மண்ணாக்கி உருளைக்கிழங்கு போட்டவர்கள் அந்த மக்கள். மீன்பிடிக்கப் போனது கர்ராக் என்கிற, மரச்சட்டத்தின்மேல் தார் பூசிய துணியை இழுத்துக் கட்டிய லேசான படகில். ஆக, கடலில் சாவு அங்கே நிஜம். அந்தப் பகுதியில் கதை பொய் சொல்லவில்லை.

அடையாளம் காணும் கதை எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் ஜே. எம். சிங் என்ற நாடகாசிரியரிடம் போய் நிற்கிறோம். 1898 முதல் சில வருடங்கள் அவர் அந்தத் தீவுகளுக்குப் போய்த் தங்கியவர். 1904இல் மேடையேறிய 'ரைடர்ஸ் டு த ஸீ' என்ற அவருடைய ஓரங்க நாடகத்தில் ஒரு தாய்க்குக் கடல் ஒவ்வொரு மகனாக எடுத்துக்கொள்கிறது. வடக்கே டொனிகல் கரையில் ஒதுங்கிய ஒரு பிணத்தின் சட்டையும் ஒரு காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. சட்டையை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை, அதே துணி கால்வே கடைகளில் எத்தனையோ பேர் வாங்கியது. தங்கை நோரா காலுறையை எடுத்துக் கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது கண்ணி போட்டு ஆரம்பித்து, நான்கைத் தவற விட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக வருகிறது. செத்தது அண்ணன்தான்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அட்டையில் இருந்தது ஸ்வெட்டர், இங்கே இருப்பது காலுறை. அட்டையில் இருந்தது குலச் சின்னம், இங்கே அலங்காரப் பின்னல் என்று எதுவுமே இல்லை. ஒரு பெண்ணின் கை, அந்தக் கை செய்த தவறு, அது அவளுக்கு நினைவிருப்பது, அவ்வளவுதான். இந்தக் காட்சி எப்படி நகர்ந்து நகர்ந்து குலச் சின்னமாக மாறியது?

நாடகம் கற்பனைதானே என்று கேட்கலாம். சிங் தன் தீவு வாசத்தைப் பற்றி 1907இல் வெளியிட்ட 'தி ஆரன் ஐலண்ட்ஸ்' என்ற புத்தகத்தில் நிஜ சம்பவம் ஒன்று இருக்கிறது. டொனிகலில் ஒரு பிணம் ஒதுங்கியதாகத் தகவல் வருகிறது. செருப்பு, சட்டை, பணப்பை, புகையிலை டப்பா பற்றிய விவரங்கள் வந்திருக்கின்றன. அது யார் என்று தீவு மூன்று நாளாக விவாதிக்கிறது. சிலர் ஒருவனைச் சொல்கிறார்கள், சிலர் வேறொருவனை. கடைசியில் காணாமல் போனவனின் தங்கை வந்து அவன் உடைகள், பை, டப்பா, காலுறை என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்து அது அவன்தான் என்று முடிவுக்கு வருகிறாள்.

மூன்று நாள் விவாதம்! குலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் என்ற ஏற்பாடு இருந்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்குமே. அது மட்டுமா, சின்னத் தீவில் திரும்பத் திரும்ப அதே சில குடும்பப் பெயர்கள்தான் இருக்கும். குலத்தின் பின்னலை வைத்துக்கொண்டு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் தொழிலில் சொன்னால், யூனிக்காக இல்லாத ஒன்றை ப்ரைமரி கீயாக வைப்பதுபோல. டேட்டாபேஸ் முதல் நாளே படுத்துவிடும்.

சிங் ஒரு கேமராவும் வைத்திருந்தார். அவர் எடுத்த படங்களில் தீவு ஆண்கள் கைத்தறிக் கம்பளியில் தைத்த கால்சட்டையும் மேலங்கியும் போட்டிருக்கிறார்கள். முறுக்குப் பின்னல் போட்ட வெள்ளை ஸ்வெட்டரை நான் எதிலும் பார்க்கவில்லை.

பிறகு அந்த ஸ்வெட்டர் எப்போதுதான் வந்தது? இதற்கு எனக்கு அதிகம் உதவியவர் ஒரு பாதிரியார். ரிச்சர்ட் ரட், ஆங்கிலிகன் சபையில் லெஸ்டர் நகரின் பிஷப்பாக இருந்தவர், அதற்கு முன் கொரியாவில் இருந்து கொரியக் கவிதைகளை மொழிபெயர்த்தவர், கூடவே நிட்டிங் பைத்தியம். 1987இல் வந்த அவருடைய 'எ ஹிஸ்டரி ஆஃப் ஹேண்ட் நிட்டிங்' இந்தத் துறையில் எல்லோரும் கை வைக்கும் முதல் புத்தகம். அதற்குப் பத்து வருடம் கழித்து ஆலிஸ் ஸ்டார்மோர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 'ஆரன் நிட்டிங்' எழுதினார். அவரே பெரிய பின்னல் கலைஞர். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய ஆரன் ஸ்வெட்டர்களைக் கண்ணி கண்ணியாகப் படித்தவர்.

இவர்கள் காட்டும் சித்திரம் இதுதான். பிரிட்டன் கடற்கரை முழுக்க மீனவர்கள் கான்ஸி என்ற கருநீல ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். மெல்லிய நூல், காற்று புகாத இறுக்கமான பின்னல், மார்பில் கொஞ்சம் அலங்காரம். சிலவற்றில் போட்டுக்கொள்பவரின் பெயரின் முதலெழுத்துகளையே பின்னிவிடுவார்கள். அடையாளம் வேண்டுமென்றால் அதுதானே புத்திசாலித்தனம்! 1891இல் அரசு, மேற்கு அயர்லாந்தின் வறுமையைப் போக்க ஒரு வாரியம் அமைத்தது. மீன்பிடித் தொழில் வளர்ந்தது, வெளியூர் மீனவர்கள் வந்து போனார்கள், கான்ஸியும் தீவுப் பெண்களின் கண்ணில் பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ சில பெண்கள், ஒருவேளை இரண்டு மூன்று பேர், அதைத் தடித்த வெள்ளைக் கம்பளியில் போட்டுப் பார்த்தார்கள். மார்போடு நிறுத்தாமல் உடம்பு முழுக்க முறுக்கும் வைரமும் ஏற்றினார்கள். ஒருத்தி போட்டதைப் பார்த்து இன்னொருத்தி அதைவிடக் கஷ்டமாக ஒன்று போட்டாள். நமக்குக் கோலம் தெரியும், மார்கழியில் தெரு எப்படிப் போட்டியில் இறங்கும் என்று தெரியும். புரிந்துகொள்ள அது போதும்.

விற்பனை எப்படி வந்தது என்றால், 1930இல் மியூரியல் கஹன் என்ற பெண்மணி டப்ளினில் 'தி கன்ட்ரி ஷாப்' என்று ஒரு கடை திறந்தார். கிராமத்துக் கைவேலைக்காரர்களுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆரன் பெண்களின் பின்னலும் அங்கே வந்தது. அப்போது அது பழம்பெரும் மரபாக விற்கவில்லை, நல்ல ஸ்வெட்டராக விற்றது.

மரபாக்கியவர் ஹைன்ஸ் எட்கார் கீவே. ஜெர்மனியிலிருந்து வந்து ஆக்ஸ்ஃபர்டில் நூல் வியாபாரம் செய்தவர். 1936இல் டப்ளினில் இப்படி ஒரு ஸ்வெட்டரைப் பார்த்துப் பரவசமாகிவிட்டார். 'புக் ஆஃப் கெல்ஸ்' என்ற பழைய கிறிஸ்தவச் சுவடியில் உள்ள ஓவியத்திலேயே இந்தப் பின்னல் இருக்கிறது என்று முடிவு கட்டினார். 1967இல் 'தி சேக்ரட் ஹிஸ்டரி ஆஃப் நிட்டிங்' என்று புத்தகமே போட்டார். கெல்ஸ் சுவடி சுமார் பொ.ஆ. 800ஐச் சேர்ந்தது. இரண்டு ஊசியில் பின்னிய துணியின் மிகப் பழைய துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, அவையே கெல்ஸைவிடச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. ரட் இதைச் சிரித்துக்கொண்டே பிய்த்துப் போடுகிறார். ஆனால் விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு ரட் எதற்கு? முறுக்கு மீனவனின் கயிறு, வைரம் தீவின் வயல், வளைவு நெளிவு பாறைப் பாதை, தேன்கூடு உழைப்பு என்று அகராதியே உண்டாகிவிட்டது. (நம் ஊரில் எதைக் கேட்டாலும் 'இதுக்குப் பின்னால ஒரு அறிவியல் இருக்கு' என்று ஆரம்பிக்கும் மாமாக்களை நினைத்துக்கொண்டேன்.)

அமெரிக்காவைப் பிடித்தது ஒரு அம்மாவின் கவலை. கிளான்ஸி பிரதர்ஸ், டாமி மேக்கம் என்ற ஐரிஷ் பாடகர் குழு நியூயார்க்கில் பாடிக்கொண்டிருந்தது. குளிருக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று கிளான்ஸியின் தாய் ஊரிலிருந்து வெள்ளை ஸ்வெட்டர்கள் அனுப்பினார். பார்த்த மேனேஜர் இதுதான் இனிமேல் மேடை உடை என்றார். 1961 மார்ச்சில் எட் சல்லிவன் ஷோவில் அந்த ஸ்வெட்டர்களோடு பாடினார்கள். அதற்குப் பிறகு தேவை எகிறியது. மூன்று தீவுகளின் பெண்கள் பின்னி ஈடுகட்ட முடியாது, அயர்லாந்தின் மற்ற பகுதிகளில் வீடுகளில் இருந்த பெண்களும் உருப்படிக் கூலிக்குப் பின்னினார்கள்.

கூலி என்றதும் எனக்குக் கணக்குப் போடும் ஆசை வந்துவிட்டது. ஒரு ஆரன் ஸ்வெட்டரில் 1,00,000 கண்ணிகள் என்பது விளம்பரங்களில் வழக்கமாக வரும் எண். இந்தத் தடிமன் நூலுக்கு 10 செ.மீ. அகலத்தில் 18 கண்ணி, 10 செ.மீ. உயரத்தில் 24 வரிசை என்பது பொதுவான அளவு. மார்புச் சுற்று 110, உயரம் 65 என்றால் உடம்புக்கு மட்டும் சுமார் 31,000. கைகள் இரண்டுக்கும் சேர்த்து 15,000 வைத்துக்கொள்ளலாம். முறுக்குப் பின்னல் துணியைச் சுருக்கும் என்பதால் கூடக் கொஞ்சம் பிடிக்கும். எப்படி இழுத்தாலும் எனக்கு 65,000ஐத் தாண்டவில்லை. அதையே எடுத்துக்கொள்வோம். அம்மாவை நிமிடத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணினேன், முறுக்கும் சேர்த்து 22 வந்தது. கிட்டத்தட்ட 50 மணி நேரம். ராத்திரி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 25 நாள்.

இந்த 25 நாளைத்தான் கதை விழுங்கிவிட்டது என்பது என் எண்ணம். தொன்மையான குலச் சின்னம் என்று சொன்ன மறுகணம், பின்னியவள் வெறும் கை ஆகிவிடுகிறாள். முன்னோர் சொன்னதை அப்படியே போட்டவள். கணக்குப் போட்டு, வரிசையை மனதில் வைத்து, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, அதை விற்று வீட்டுக்கு மாவு வாங்கியவள் கதையில் கிடையாது. செத்துப்போன ஆணுக்குக் குலப் பெயர் இருக்கிறது, உயிரோடிருந்த பெண்ணுக்கு ஒரு பெயரும் இல்லை. இத்தனைக்கும் சிங்கின் நாடகத்தில் அவளுக்கு நோரா என்று பெயர் இருந்தது. இன்றைக்கு இணையத்தில் உங்கள் ஐரிஷ் குடும்பப் பெயரைத் தட்டினால் 'உங்கள் குலப் பின்னல்' வந்து நிற்கிறது. யார் பின்னினார்கள் என்று தேட ஒரு பெட்டி இல்லை.

போன டிசம்பரில் அந்த ஸ்வெட்டரை வெயிலில் போட எடுத்தேன். சென்னையில் அதற்கு வேறு உபயோகம் இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். கண்டுபிடித்ததை எல்லாம் நான் சொன்னேன், கீவே, கெல்ஸ், 50 மணி நேரம் எல்லாம். கேட்டாரா என்று தெரியவில்லை. விரல் இடது கையின் முறுக்கு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. முழங்கைக்குச் சற்று மேலே நின்றது.

"இங்க பாரு. எல்லா முறுக்கும் வலது பக்கம் போகுது. இது ஒண்ணு மட்டும் இடது பக்கம்."

ஆறு வருடமாக என் பீரோவில் இருந்தது, நான் பார்த்ததே இல்லை.

"நடுவுல எந்திரிச்சுப் போயிருக்கா. கதவ யாரோ தட்டியிருப்பாங்க, இல்ல கொழந்த அழுதிருக்கும். திரும்ப வந்து உக்காந்தப்ப மாத்திப் போட்டுட்டா. நாலு வரிசை போனப்புறம்தான் கண்ணுல பட்டிருக்கும். பிரிச்சா ஒரு மணி நேரம் போயிரும்னு விட்டுட்டா."

நீங்களும் அப்படி விட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அந்தப் பச்சைல இருந்துச்சு," என்றார்.