லிப்ரியம்: அடுத்த வருஷமே வந்த எச்சரிக்கை

ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்களுக்குப் பதற்றம் குறையவும் தூக்கம் வரவும் ஒரு சின்ன மாத்திரை கொடுப்பாங்க இல்லையா? இன்னைக்கு அந்த மருந்துக் குடும்பத்தோட மூத்த பிள்ளையைப் பத்திப் பேசலாம்.

1957, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நட்லி என்ற ஊர். ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனியில் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக்கின் குழு ஆய்வகத்தை ஒழிச்சுட்டு இருந்தப்போ, எப்பவோ செஞ்சு ஓரங்கட்டின ஒரு பொருள் கையில சிக்குச்சு. தூக்கிப் போடாம சோதனைக்கு அனுப்பினாங்க. 1960ல் அது லிப்ரியம் என்ற பேரில் விற்பனைக்கு வந்தது. 1963ல் அதோட தம்பி வேலியம்.

அதுக்கு முன்னாடி தூக்கத்துக்குப் பரவலா கொடுத்தது பார்பிட்யூரேட். அளவு மிஞ்சினா மூச்சே நின்னுடும். லிப்ரியத்தைத் தனியா எடுத்தா அந்த ஆபத்து ரொம்பக் கம்மி. டாக்டர்கள் கொண்டாடினதுல தப்பே இல்ல.

ஆனா 1961லயே லியோ ஹாலிஸ்டர் என்ற மருத்துவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்த 36 பேருக்கு நாளுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை லிப்ரியம். வழக்கமான அளவைவிடப் பல மடங்கு. அதுல 11 பேருக்குத் திடீர்னு நிறுத்தி, மருந்தில்லாத டம்மி மாத்திரை கொடுத்தாங்க. 10 பேருக்குப் புதுசா தொந்தரவுகள்: தூக்கமின்மை, படபடப்பு, குமட்டல். ரெண்டு பேருக்கு வலிப்பே வந்தது. அதுவும் ஒரு வாரம் கழிச்சு!

ஏன் அவ்வளவு தாமதம்? இந்த மருந்து உடம்பைவிட்டு மெதுவாத்தான் வெளியேறும். இங்கதான் சிக்கல். வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்தின ஒருத்தருக்கு அடுத்த வாரம் கை நடுங்கினா, அதை மாத்திரையோட யார் முடிச்சுப் போடுவாங்க? "பழைய பதற்றமே திரும்பிடுச்சு"ன்னு மறுபடியும் அதையே எழுதிக் கொடுப்பாங்க. (நாளாக எடுத்துட்டு இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மெதுவா குறைக்கணும்.)

ரிலீஸ் ஆன அடுத்த வருஷமே பக் ரிப்போர்ட். ஆனா "அவ்வளவு டோஸ் யாரு எடுக்கறா?"ன்னு அதை எட்ஜ் கேஸா ஒதுக்கிட்டாங்க. எனக்கு இதை மன்னிக்க முடியல. 1978ல் அமெரிக்காவில் மட்டும் 200 கோடிக்கும் மேல வேலியம் மாத்திரைகள் வித்தாச்சு. சாதாரண அளவிலேயே பழக்கமாகும்னு பரவலா ஒத்துக்கிட்டது எண்பதுகளில்தான். ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்கு மேல வேண்டாம்னு பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு சொன்னது 1988ல். 27 வருஷம்!

அதுக்கு முன்னாடியே, 1982ல், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் இந்த மாத்திரையை விட முடியாம தவிச்சவங்களுக்காகத் தனி கிளினிக் தொடங்கிட்டார். வந்தவங்க சொன்னதை உட்கார்ந்து கேட்டு, அவங்கவங்க வேகத்துக்குத் துளித்துளியா அளவைக் குறைச்சார். சிலருக்கு அதுக்கே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.